சின்னவளுடைய குளம்

செக் ட்ரேயைத் தண்ணீரிலிருந்து இழுக்கும்போதே கனம் தெரிந்தது. இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பதற்கான அந்த வலைத்தட்டில், போட்ட தீவனம் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. கூடவே கண்ணாடிக் காகிதம் மாதிரி மூன்று தோல்கள். தோல் உரிக்கிற நாளில் இறால் சரியாகச் சாப்பிடாது. பண்ணையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் குளமாக இருந்திருந்தால் தோலைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். அது சின்னவளுடைய குளம்.

சின்னவள் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. கெஞ்சிக் கூத்தாடி அவளை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அடுத்த மாதம் தீவனம் போட மெஷின் வருகிறது, எங்கள் இரண்டு குளத்துக்கும் ஒரே ஆள் போதும் என்று மேனேஜர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு போனும் திரையும் தண்ணி பட்ட பாடு. எனக்கு ஒரு மெசேஜ் படிக்கவே மகள் வேண்டும். ஐம்பது வயதில் வேறு எவன் எனக்கு வேலை கொடுப்பான்?

மேனேஜர் வந்துகொண்டிருந்தார். தட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கரையில் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவள், குளத்துக்குள் நீளும் பலகையில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தோலு ஏதாச்சும் கெடக்காக்கா?"

கை தானாக மூடிக்கொண்டது என்று சொல்ல ஆசைதான். அதெல்லாம் இல்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி நான்தான் மூடினேன்.

"ஒண்ணும் இல்லியே."

மேனேஜர் தட்டை எட்டிப் பார்த்தார். "இவ்ளோ மிச்சமா? கணக்கே இல்லாம கொட்டுனா தண்ணி என்னத்துக்கு ஆகும்?" அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

போகிற அன்று தன் ரப்பர் பூட்ஸைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "உங்களோடது ஓட்டைல்ல, இத வச்சுக்குங்க. தீவனம் போடுற கையளவு எனக்கு வரலக்கா. சேத்துவிட்ட உங்களுக்குத்தான் என்னால கெட்ட பேரு." சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "பாத்துப் போ" என்றேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷி.

இன்றைக்கு மெஷின் திரையில் என் குளத்துக்குச் சிவப்பு விளக்கு. பலகையில் ஓடிப்போய்த் தட்டைத் தூக்கினேன். தீவனம் குவிந்து கிடந்தது, தோல் ஒன்றுகூட இல்லை. மேனேஜர் கரையிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, மெஷின் பாத்துக்கத் தெரியலியா உனக்கு? இல்ல, தோலு ஏதாச்சும் கெடக்கா பாரு."

அவள் கேட்ட அதே கேள்வி. அவளுக்குக் கொடுக்காத பதில் எனக்கு நாக்கு நுனியிலேயே இருந்தது.

"ஆமா சார்" என்றேன். "நெறைய கெடக்கு."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த குளத்துக்குப் போய்விட்டார். தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அதிலிருந்து வடிந்த தண்ணீர் சின்னவளின் பூட்ஸ் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.