மூன்று செபம் போதாது

என் வீட்டுக்காரருக்குப் பாவசங்கீர்த்தனம் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கோயிலுக்குப் போய், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வருவார்கள். இவர் சனிக்கிழமைதோறும் போய், போனபோது இருந்ததைவிட வாடிய முகத்தோடு திரும்பினார்.

"மூணே மூணு அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொல்றாரு ஃபாதர். நான் பண்ணதுக்கு அது பத்துமா? கூடக் குடுங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"இதைப் போன வாரமே மன்னிச்சாச்சு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, எழுந்திரிங்கன்னுட்டாரு."

பேரம் பேசிக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டித் தரச் சொல்லிக் கெஞ்சுகிற மனுஷன் எனக்கென்று வந்து வாய்த்தார்.

"அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?" என்று ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன். சொன்னார்.

இவரும் இவர் தம்பியும் ஒரே பேக்கரியில் வேலை செய்தவர்கள். ஒரு கல்யாண கேக்கில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொட்டியவர் இவர். முதல் துண்டை வாயில் வைத்த மாப்பிள்ளை, மணப்பெண் எதிரிலேயே துப்பினாராம். யார் செய்த வேலை என்று முதலாளி கத்தியபோது இவர் தரையைப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்தவன் என்று முதலாளி தம்பியைத் துரத்திவிட்டார். வாய் திறந்திருந்தால் வேலை போயிருக்கும் என்ற பயம் இவருக்கு.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கொழுந்தன் எங்கள் வீட்டு சோபாவில்தான் படுத்துக்கிடக்கிறான். சாப்பிட உட்காரும்போதெல்லாம், "அண்ணன் மட்டும் இல்லன்னா தெருவுலதான் நின்னிருப்பேன் அண்ணி" என்று உருகுகிறான். இவர் தலையைக் குனிந்து தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்புகிறார்.

"சோபா பக்கத்துலதான் இருக்கு. கோயில் வரைக்கும் எதுக்கு நடக்குறீங்க?" என்றேன்.

அன்று சாப்பாட்டின் நடுவில் சொல்லிவிட்டார். கொழுந்தன் மென்றுகொண்டிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

"ஃபாதர் மன்னிச்சுட்டாரா?"

"மன்னிச்சுட்டாருடா."

"அவருக்கென்ன, அவரு வேலையா போச்சு? மொதலாளிகிட்ட சொன்னியா?"

இவர் மறுபடியும் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"அங்க சொல்லாம ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றே" என்றான். கை கழுவப் போனான். குழாயை மூட வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனவர் மத்தியானமே வந்து நின்றார். "மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து உன்னை வரச் சொன்னாரு" என்று தம்பியிடம் சொன்னார்.

"உன்னை?"

"வேணாம்னுட்டாரு."

அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறோம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆனாலும், கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷனை அன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை வாய்விட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுட்டேண்ணே" என்றான் கொழுந்தன். "ஆனா கோவம் இன்னும் போகல."

"எப்படா போகும்?"

"தெரியல. நீ வீட்டுலதானே இருக்கப்போற, இரு."