டைரக்டரின் சிந்தனைக்கு மூன்று சர்வர்

உவர்நீர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு சர்வர்கள் வந்து இறங்கிய அன்று பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்த பூசணிக்காயின் ஒரு துண்டு குளிர்சாதன அறைக்குள் தெறித்து, அந்த அறைக்குள் நுழைந்த முதல் அன்னியப் பொருள் என்ற பெருமையைப் பெற்றது. இது 2007 கடைசியில். மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி, நிலையமும் அதன் ஊழியர் குடியிருப்பும் இருந்தன.

சர்வர்களோடு ஒரு மென்பொருளும் வந்திருந்தது. எந்த அப்ளிகேஷன் எந்த சர்வரில் ஓட வேண்டும் என்பதை அது தானே பார்த்து முடிவு செய்யும். கூட்டம் அதிகமாக வரும் அப்ளிகேஷனுக்கு இன்னொரு சர்வரிலும் இடம் கொடுக்கும். ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனைச் சுருட்டி ஓரமாக வைக்கும். மனிதர் யாரும் தொட வேண்டியதில்லை என்று அதன் கையேட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ராமானுஜத்துக்குப் பிடிக்கவில்லை.

ராமானுஜம் பதினோரு வருஷமாகக் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் குழுவுக்கும் தலைவர். யாருக்கு எந்த வீடு என்பதைச் சம்பள விகிதம் பார்த்து, அதுவும் சமமானால் வேலைக்குச் சேர்ந்த தேதி பார்த்து, அதுவும் சமமானால் பிறந்த தேதி பார்த்து முடிவு செய்வார். ஒருமுறை பிறந்த தேதியும் ஒன்றாகிவிட, இருவரிடமும் ஜாதகம் கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. கணினியைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. இடம் ஒதுக்குவதைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் இந்தக் கடற்கரையில் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

மென்பொருளை அமைக்கும் வேலை பிரபாவதிக்கு வந்தது. சேர்ந்து எட்டு மாதமான இன்ஜினீயர். இன்னும் தகுதிகாண் பருவம். அவர் சொல்லச் சொல்ல அவள் திரையில் கட்டங்களை நிரப்பினாள்.

"இதுல முக்கியத்துவம்னு ஒரு கட்டம் இருக்கு சார். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் போடலாம். எது நின்னுபோனா ஜனங்க தவிப்பாங்களோ அதுக்கு ஒண்ணு."

"ஜனங்க எதுக்கு வேணாலும் தவிப்பாங்க. ஓனர் யாரு?"

"எதுக்கு சார்?"

"அப்ளிகேஷனுக்கும்மா. ஓனரோட கிரேடு என்ன? அதைச் சொல்லு, நம்பரை நான் சொல்றேன்."

அப்படித்தான் ஒதுக்கீடு நடந்தது. 'டைரக்டரின் இன்றைய சிந்தனை' என்ற அப்ளிகேஷனுக்கு முக்கியத்துவம் ஒன்று. தினமும் காலை டைரக்டர் உதிர்க்கும் இரண்டு வரிகளை, பின்னணியில் சூரியோதயத்தோடு காட்டுவது அதன் பணி. டென்னிஸ் மைதான முன்பதிவு இணை இயக்குநருடையது; அதற்கு இரண்டு. ஆஸ்பத்திரி டோக்கனுக்கு ஓனர் ஒரு கம்பவுண்டர், அதற்கு ஐந்து. பஸ் நேரம், கேன்டீன், குடியிருப்பு விருப்பப் பதிவு எல்லாம் ஐந்து.

"அடுத்தது சார், அப்ளிகேஷனை இடம் மாத்தறது. தானாவே மாத்தலாம், இல்லேன்னா நம்மகிட்ட ஒப்புதல் கேட்டு மாத்தலாம்."

"கேக்காம மாத்தறதா? நாளைக்கு எவனாவது கேட்டா யாரு பதில் சொல்றது, மெஷினா? என் மெயிலுக்கு வரட்டும்."

"பதினைஞ்சு நிமிஷத்துல ஒப்புதல் வரலேன்னா அந்தக் கோரிக்கையை அது தள்ளுபடி பண்ணிடும் சார். திரும்பக் கேக்கும்."

"கேக்கட்டும். கேட்டுப் பழகட்டும்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக நாற்காலியில் நிமிர்ந்தார். "இரு. டைரக்டர் அப்ளிகேஷனுக்கும் நான்தான் ஒப்புதல் கொடுக்கணுமா?"

"இப்போதைக்கு அப்படித்தான் சார்."

"பைத்தியமா உனக்கு? டைரக்டருக்கு நான் அனுமதி கொடுக்கறதா? ஒண்ணாம் நம்பருக்கு ஒப்புதலே வேண்டாம்னு போடு. என் பேர்ல எது இருந்தாலும் தானா ஒண்ணு விழற மாதிரி போடு. எனக்கு நானே கையெழுத்துப் போட்டா ஆடிட்ல கேப்பான்."

இவை எல்லாம் ஓர் அலுவலக ஆணையாகத் தட்டச்சாகி, எண் போட்டு, கையெழுத்தாகி, பதினான்கு பேருக்குப் பிரதி போயிற்று. அப்ளிகேஷனின் உரிமையாளர் பெயர் அலுவலக ஆவணங்களில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று பிரிவு 4(அ) சொன்னது. முதல் வகைக்கு ஒப்புதல் தேவையில்லை என்று 4(ஆ) சொன்னது. தலைவரைக் கேட்காமல் எந்த எண்ணையும் மாற்றுகிறவர் மீது நடவடிக்கை என்று 4(இ) சொன்னது.

முதல் இரண்டு வாரம் ராமானுஜம் மெஷினின் மெயில்களை கோப்பு படிப்பதுபோல் படித்தார். ஒரு கோரிக்கைக்கு 'பேசுக' என்று பதில் போட்டார். மெஷின் பேசவில்லை. அதன்பின் அவருக்கு அதில் ஆர்வம் குறைந்தது.

பிரபாவதிக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அவள் வீடு கருங்குழியில். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, செங்கல்பட்டில் ஒரு பஸ், திருக்கழுக்குன்றத்தில் ஒரு பஸ் என்று மாறி, ஒன்பதுக்கு வந்து சேருவாள். பத்து மாதக் கைக்குழந்தை இரவு எட்டு மணிக்குத்தான் அம்மா முகத்தைப் பார்க்கும். கணவனுக்குச் செங்கல்பட்டில் மருந்துக்கடையில் வேலை. அவனுக்கும் இதே கதிதான். குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தால் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு மத்தியானம்கூட எட்டிப் பார்க்கலாம். இந்தச் சுற்றில் இருபத்தியொரு வீடுகள். காத்திருப்போர் பட்டியலில் அவள் பத்தொன்பதாவது ஆள். அதாவது கிடைத்துவிடும். பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலை பத்து முதல் மாலை ஐந்துக்குள் கம்ப்யூட்டரில் விருப்பத்தைப் பதிய வேண்டும். பதியாதவருக்கு வீட்டில் விருப்பமில்லை என்று கொள்ளப்படும். அடுத்த சுற்று அடுத்த வருஷம். 'கணினிக் கோளாறு ஒரு காரணமாக ஏற்கப்படாது' என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரி ராமானுஜத்தின் சொந்தச் சரக்கு.

விருப்பப் பதிவு அப்ளிகேஷனை எழுதியவளே பிரபாவதிதான். நூறு பேர் வந்தாலும் தாங்கும் என்று சோதித்திருந்தாள். ஆனால் அவள் இந்தக் குடியிருப்பில் வசித்ததில்லை. அதனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. வீடு வேண்டியவர்கள் மொத்தம் அறுபது பேர். யார் எந்த வீட்டைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஆயிரத்து இருநூறு பேர்.

பத்து மணிக்கு நிலையமே வேலையை நிறுத்தியது. எந்தச் சோதனைச்சாலையிலும் உப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லாத் திரையிலும் அதே பக்கம். பத்தேகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத்தாளாகி நின்றது.

பதினொன்றுக்கு சீனு வந்தான். குடியிருப்பு அலுவலக கிளார்க். அப்ளிகேஷனின் உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர்தான் இருந்தது. புகார் வந்தால் யாருக்காவது போன் போக வேண்டுமே.

"இன்னா மேடம், உங்க மிசினு தூங்கிகினு கீது? என் கவுன்டர்ல நாப்பது பேரு நிக்கிறான். ஒருத்தன் என் சட்டையப் புடிச்சிட்டான்."

"தூங்கலை சீனு. இன்னொரு சர்வர் குடுன்னு கேட்டுக்கிட்டு நிக்குது."

"யாருகிட்ட?"

"ராமானுஜம் சார்கிட்ட."

"அவுரு எங்க கீறாரு?"

ராமானுஜம் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் இருந்தார். கருத்தரங்கு. டைரக்டர் தலைமை. ராமானுஜத்தின் உரைக்குத் தலைப்பு 'மனிதத் தலையீடு இல்லாமல் தானே தீர்மானிக்கும் கணினி'. உரையின் புனிதம் கருதி செல்போனை அணைத்து வைத்திருந்தார். தானே தீர்மானிக்கும் கணினி காலையிலிருந்து அவருக்கு நான்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருந்தது.

ஹோட்டல் வரவேற்பறைக்கு பிரபாவதி மூன்று தடவை போன் செய்தாள். முதல் தடவை, பேச்சு நடக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை, சாப்பாடு நடக்கிறது என்றார்கள். மூன்றாம் தடவை ராமானுஜமே வந்தார்.

"சார், குடியிருப்புப் பக்கம் நின்னுபோச்சு. ஒப்புதல் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"நாலு மணிக்கு எனக்கு டெமோ இருக்கு, இப்ப இதைப் பேசறியா? ஒரு குறிப்பு எழுதி டேபிள்ல வை. நாளைக்குப் பார்க்கறேன்."

"அஞ்சு மணியோட முடியுது சார்."

"அதனாலதான் காலையிலயே போட்டிருக்கணும்" என்றார், போனை வைத்தார்.

மூன்றரை மணிக்கு மெஷின் கேட்டு மெஷினே தள்ளுபடி செய்த கோரிக்கைகள் இருபது. அதுவரை உள்ளே நுழைந்து பதிந்தவர்கள் பதினோரு பேர். பிரபாவதி அதில் இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் போட்ட விருப்பம் பாதி வழியில் வெள்ளையாயிற்று. எண்ணை மாற்றும் கடவுச்சொல் அவளிடமே இருந்தது. ஐந்தை ஒன்றாக்க ஒரு விசை போதும். 4(இ)யும் இருந்தது. வீட்டுக்கு மனு போட்டவளே, வீட்டுக்காக, தன் கையால் மாற்றினாள் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனால், வீடும் போகும், வேலையும் போகும்.

"மாத்திப் போடுங்க மேடம், எவன் கேக்கப் போறான்" என்றான் மறுபடி மாடியேறி வந்திருந்த சீனு.

"எல்லாரும் கேப்பாங்க. இன்னைக்கு அவங்களுக்கு வேற வேலையே இல்லை."

அவன் கையில் சுருட்டி வைத்திருந்த சுற்றறிக்கையால் முகத்துக்கு விசிறிக்கொண்டான். கவுன்டரில் ஒட்டியிருந்ததை யாரோ கிழித்து அவன் மேல் எறிந்திருந்தார்கள். பிரபாவதி அதை வாங்கிப் பார்த்தாள். தடித்த வரியைத்தான் பார்க்கப் போனாள். கண் அதற்கு மேல் வரியில் நின்றது.

'எனது சிந்தனையில் உதித்து, எனது நேரடி முயற்சியில் உருவாகி, எனது பொறுப்பில் இயங்கும் இந்த மென்பொருளை ஊழியர்கள் பயன்படுத்திப் பயனடைவார்களாக. – ராமானுஜம், தலைவர், ஒதுக்கீட்டுக் குழு.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"சீனு, இந்த அப்ளிகேஷனுக்கு ஓனர் யாரு?"

"நான்தான்னு நீங்கதானே போட்டீங்க."

"ஆவணத்துல வேற மாதிரி இருக்கே."

சீனுவும் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்போல் உதடு அசைந்தது. பிறகு முகம் மலர்ந்தது.

"அய்ய! இது அவுரு சொத்து மேடம். நானு யாரு, வாட்ச்மேனு."

"அதையே எழுதிக் குடுங்க."

எழுதினான். 'மேற்படி மென்பொருளுக்கு நான் உரிமையாளன் அல்ல. இணைக்கப்பட்டுள்ள சுற்றறிக்கையின்படி தலைவர் அவர்களே உரிமையாளர். பிரிவு 4(அ)இன்படி பெயரைத் திருத்த வேண்டுகிறேன்.' தேதி, நேரம் போட்டான். "பதினேழு வருஷ சர்வீஸ்ல ஆசைப்பட்டுப் போட்ட மொதல் கையெழுத்து மேடம்" என்றான்.

பிரபாவதி எந்த எண்ணையும் தொடவில்லை. பெயரை மட்டும் திருத்தினாள். பெயர் ராமானுஜமானதும், அவர் ஆணைப்படி அவள் முன்பே எழுதிவைத்திருந்த விதி எழுந்து வந்து ஐந்தை ஒன்றாக்கியது. மணி நாலு பத்து.

ஒரே முக்கியத்துவம் உள்ள இரண்டு அப்ளிகேஷன் மோதினால் எதற்குக் கூட்டம் அதிகம் என்று மெஷின் பார்க்கும். பார்த்தது. டைரக்டரின் இன்றைய சிந்தனை மூன்று சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் அதைப் படித்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். மெஷினுக்கு கிரேடு தெரியாது, எண்ணத் தெரியும். யாரையும் கேட்காமல் சிந்தனையைச் சுருட்டி வைத்துவிட்டு, மூன்று சர்வரையும் குடியிருப்புக்குத் திறந்துவிட்டது.

வெள்ளைத்தாளில் எழுத்து வந்தது. கீழே கவுன்டரிலிருந்து ஒரு கூச்சல் மாடிவரை ஏறியது. பிரபாவதி தன் வரிசை எண்ணைப் போட்டாள். முதல் விருப்பம், காப்பகத்துக்கு எதிர்வரிசை. இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சீனு எடுத்து, குழலைக் கையால் மூடினான்.

"ராமானுஜம் சாரு. மூச்சு வாங்கிகினு கீறாரு."

"இருக்கச் சொல்லுங்க."

இரண்டாவது, மூன்றாவது விருப்பம் போட்டு, பதிவு விசையை அழுத்தி, பிரின்டரிலிருந்து ரசீது முழுசாக வெளியே வரும்வரை பார்த்திருந்து, பிறகுதான் வாங்கினாள்.

"பிரபாவதி! டைரக்டர் சிந்தனை எங்கே? நூத்தைம்பது பேர் முன்னால திரையைத் திறந்தேன், சூரியன்கூட இல்லை!"

"மெஷின் இடம் மாத்திடுச்சு சார்."

"யாரு ஒப்புதல் குடுத்தது?"

"முதல் வகைக்கு ஒப்புதல் வேண்டாம் சார். நாலு, ஆ."

"யாரோட முதல் வகை?"

"உங்களோடது சார். குடியிருப்பு மென்பொருள். உங்க சிந்தனையில உதிச்சதுன்னு சுற்றறிக்கையில நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சீனு எழுத்துமூலமா சுட்டிக்காட்டினார், நாலு அ-படி திருத்திட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கடல் காற்று இரைந்தது. இல்லை என்று சொன்னால் சுற்றறிக்கை பொய். ஆமாம் என்று சொன்னால் டைரக்டரின் சூரியனை அணைத்தது அவர். பதினோரு வருஷம் மற்றவர்களை இதுபோன்ற சந்துகளில் நிறுத்தி வைத்த மனிதர், இப்போது தானே ஒன்றில் நின்றார்.

"எத்தனை பேர் பார்க்கறாங்க?" என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது.

"ஆயிரத்து நூத்தி எண்பது சார்."

"என்னோடதையா?"

"உங்களோடதைத்தான் சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடைக் குரல் திரும்பி வந்தது.

"அதை ஒரு ஸ்லைடா போட்டு உடனே அனுப்பு. நேரடி நிரூபணம்னு தலைப்பு போடு. கூட்ட நெரிசல்ல கணினி தானே முடிவெடுத்ததுன்னு சொல்லிக்கறேன். டைரக்டரோட சிந்தனையே தியாகம் பண்ணி வழிவிட்டதுன்னு சொன்னா அவரும் சந்தோஷப்படுவார்."

"சரி சார்."

அவள் ஸ்லைடு போட உட்காரவில்லை. கீழே இறங்கி, சீனுவின் கவுன்டரில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டச்சு தெரியாத பிளம்பர்களுக்கும் டிரைவர்களுக்கும் விருப்பம் பதிந்துகொடுத்தாள். ஐந்துக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது வரிசை தீர்ந்தது. ஸ்லைடு ஐந்தே முக்காலுக்குப் போயிற்று. அதற்குள் கருத்தரங்கில் போண்டா கொடுத்துவிட்டார்களாம்.

ஆறு மணிக்கு ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. பத்தொன்பதாவது வரியில் அவள் பெயரும், எதிர்வரிசை வீட்டின் எண்ணும் இருந்தன. சீனு மூன்று பிரதியில் ஒரு படிவத்தை நீட்டினான். 'குடியேற விரும்பும் தேதி' என்ற இடத்தில் வழக்கமாக எல்லோரும் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்து எழுதுவார்கள்.

"எடுத்துட்டுப் போயி நெதானமா பூர்த்தி பண்ணுங்க மேடம். நல்ல நாளு பாத்து."

பிரபாவதி நின்றபடியே 'நாளை' என்று எழுதி, மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள்.