ஐம்பது ஓட்டு அதிகம்

வாக்குப்பதிவு முடிந்ததும், வாக்குச்சாவடித் தலைமை அதிகாரியான சகாயசெல்வி டீச்சர் கணக்கை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாக்களித்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இயந்திரம் காட்டியதோ அறுநூற்று அறுபத்திரண்டு. சரியாக ஐம்பது அதிகம்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விடியற்காலையில் கட்சி ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு என்று ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்டியிருந்தார். ஓட்டுக்கு ஒன்றாக அச்சாகி விழுந்த ஐம்பது சீட்டுகளையும் எடுத்து உறையிலிட்டு முத்திரை வைத்தாயிற்று. இயந்திரத்தில் அந்த ஓட்டுகளை அழிக்கப் போகும் நேரத்தில் ஒரு ஏஜெண்ட் தாமதமாக வந்து, திரையில் அந்தக் கணக்கைத் தனக்கும் காட்டச் சொன்னார். டீச்சர் காட்டினார். வெளியே வரிசை சத்தம் போட்டது. அந்த அவசரத்தில் அழிக்க மறந்து, அழித்துவிட்டதாகச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பகல் முழுக்கப் பதிவேட்டைப் பார்த்தே மேலதிகாரிகளுக்கு எண்ணிக்கை சொன்னதில் தவறு தெரியவில்லை.

நாகல் நகர் வீட்டிலிருந்து முந்தின நாள் காலையில் கிளம்பியவர். சாணார்பட்டிக்கு அப்பால் இந்தப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் கண்ணை மூடியிருந்தால் அதிகம். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

உடன் வேலை பார்த்த பிரிட்டோ குனிந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், ஃபாரத்துல ரெண்டு எடத்துலயும் அறுநூத்திப் பன்னெண்டுன்னே எழுதிருவோம். இப்ப யாரு பாக்கப் போறா?"

எழுதினால் ஒரு மணி நேரத்தில் வீடு. டீச்சர் பேனாவைத் திறந்தார். மறுபடி மூடி வைத்தார்.

"ஏஜெண்டுகளைக் கூப்பிடுங்க தம்பி."

விஷயத்தைக் கேட்டதும் ஒரு கட்சியின் ஏஜெண்ட் பெருமாள்சாமி மேசையில் தட்டினார். "ஐம்பது கள்ள ஓட்டா? இதை விட மாட்டேன் டீச்சரம்மா!"

"கள்ள ஓட்டு இல்லைங்கய்யா. காலையில நீங்க பாத்த அதே ஐம்பது. அழிக்காம விட்டது நான். அழிச்சேன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

இன்னொரு கட்சி ஏஜெண்ட் அப்துல் ஜப்பார் நாற்காலியில் சாய்ந்தார். "சத்தம் போடாதீக பெருமாள்சாமி. அந்தச் சான்றிதழ்ல நம்ம கையெழுத்தும் இருக்குல்ல? அழிச்சாங்களான்னு நீங்க பாத்தீகளா, நான் பாத்தேனா?"

பெருமாள்சாமி மேசையிலிருந்து கையை எடுத்தார். டீச்சர் இரண்டு எண்ணையும் உள்ளபடி எழுதி, நடந்ததை நாட்குறிப்பிலும் எழுதி, எல்லாருக்கும் நகல் கொடுத்தார். மண்டல அதிகாரி போனிலேயே கத்தினார். டீச்சர் கேட்டுக்கொண்டார்.

எண்ணிக்கை நாளன்று சாயங்காலம் ஜப்பார் போன் செய்தார்.

"டீச்சர், நம்ம பூத் மெஷினை எண்ணாம ஓரமா வச்சுட்டாக."

"அப்ப சீட்டை எண்ணுவாங்களே? மாதிரிச் சீட்டு ஐம்பதையும் காலையிலயே எடுத்துட்டோம், அதுல கணக்கு சரியா இருக்குமே!"

"அதையும் பிரிக்கலை. ஜெயிச்ச வித்தியாசம் பல ஆயிரமாம். நம்ம பூத்து ஓட்டு மொத்தமும் ஒரே பக்கம் விழுந்தாலும் மாறாதாம். தேவையில்லைன்னுட்டாக."

வெயிலில் நின்று ஓட்டுப் போட்ட அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை நினைத்துக்கொண்டார் டீச்சர்.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"யாரும் ஒண்ணும் கேக்கலை டீச்சர்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது. மறு வாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தூக்கமின்மை, நெரிசல் என்று காரணம் எழுதலாம் என்றார் பிரிட்டோ. டீச்சர் எழுதவில்லை. தவறு தன்னுடையது என்று எழுதி, அந்தச் சீட்டுகளையாவது பிரித்து எண்ணி ஊருக்குச் சொல்ல வழி உண்டா என்று கீழே கேட்டிருந்தார். விளக்கத்துக்குத் தண்டனை வந்தது. கேள்விக்குப் பதில் வரவில்லை.