மேனேஜருக்கு என்ன ஊற்றுவது?

“சாய விடாதே! முட்டுக் குடு, முட்டுக் குடு!”

அக்கா போட்ட சத்தத்தில் தம்பி ஒரு வைக்கோல் மூட்டையைத் தூக்கி வந்து மாட்டின் விலாவோடு சேர்த்துத் திணித்தான். இன்னொரு மூட்டை. அதற்கும் மேல் தன் முதுகையே அண்டக் கொடுத்தான். நானூறு கிலோ உடம்பு அவன் மேல் சரியப் பார்த்தது. இடப்பக்க வயிறு மத்தளமாக உப்பியிருந்தது.

கிடந்தது மேனேஜர். வண்டி இழுத்துத் தேய்ந்து, அடிமாட்டு லாரியிலிருந்து இறக்கி மீட்கப்பட்ட கிழட்டுக் காளை. காலையில் கொட்டகை கொட்டகையாகப் போய் எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். முட்டை நின்ற கோழி, நொண்டி ஆடு, கறவை வற்றிய எருமை என்று யாருக்கும் வேண்டாத அறுபது உயிர்களை வைத்து அக்கா இந்தக் காப்பகத்தை நடத்துகிறாள். சம்பளமில்லாத தொண்டர்கள் முறை போட்டு வருகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர். எலக்ட்ரீசியனான தம்பி, ஒரு தையல்காரி, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர்.

தீவனப் பெட்டியின் மேல் வைத்திருந்த போனிலிருந்து மாட்டு டாக்டரின் குரல் கார் இரைச்சலோடு வந்தது.

“நான் வந்து சேர அம்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவன் தாங்க மாட்டான், நீங்கதான் ஊத்தணும். நல்லாக் கேட்டுக்கோங்க. தானியம் அதிகமாத் தின்னிருந்தா சோடா உப்பு. யூரியா உரத்தை நக்கியிருந்தா நேர் எதிர், வினிகர். மாத்தி ஊத்தினீங்க, பத்தே நிமிஷத்துல கதை முடிஞ்சிடும். என்ன தின்னான்?”

“யூரியா இந்த இடத்துலயே கிடையாது டாக்டர்,” என்றார் போஸ்ட்மாஸ்டர். “தோட்டத்துக்குக்கூட சாணிதான்.”

“அப்ப தானியம். எவ்வளவு? யாரு வெச்சது?”

மூவரும் சுவரிலிருந்த கரும்பலகையைப் பார்த்தார்கள். தீனி வைத்தவர் அதில் ஒரு டிக் போட வேண்டும். டிக் விழுந்துவிட்டால் அதன்பின் ஒரு பருக்கை கூடாது. அது அக்காவின் சட்டம். மேனேஜர் பெயருக்கு நேராக ஒரே ஒரு டிக்தான் இருந்தது.

“யாரும் இப்ப நல்ல பிள்ளை வேஷம் போட வேணாம்,” என்றாள் அக்கா. “சொல்லித் தொலைங்க.”

தையல்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். “ரெண்டு கை சோளம்க்கா. என்னைப் பாத்துத் தலையாட்டிச்சு.”

“அது ஈ ஓட்டிச்சுடி!”

போஸ்ட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “நான் ஒரு டம்ளர் கோழித்தீனி. சரி, ஒரு சொம்புன்னு வெச்சுக்கோங்களேன்.”

“சார்! போன வாரம் ஒரு வாழைப்பழத்துக்கு என்னை நிக்க வெச்சு சட்டம் பேசினீங்களே!” என்றாள் தையல்காரி.

“சட்டம் உனக்கும்மா. அவன் என்ன பண்ணுவான் பாவம்?”

“நான் அரை வாளி அரிசி,” என்றான் தம்பி, அக்காவைப் பார்க்காமல்.

“விருந்தே வெச்சிருக்கீங்க,” என்றது போன். “சோடாவைக் கரைச்சு ஊத்துங்க. சீக்கிரம்!”

தையல்காரி கரைத்த பாட்டிலைத் தம்பி வாங்கினான். மேனேஜரின் தோல் முழுக்க அலை அலையாக நடுங்கியது. காது துடித்தது. கடைவாயில் நுரை. அக்கா மண்டியிட்டு அதன் வாயைப் பிளந்தாள். பிளந்தவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். குனிந்து அதன் மூச்சை மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

“ஊத்தாதே.”

“என்னக்கா?”

“ஊத்தாதேன்னா!” பாட்டிலை ஒரே தட்டு. சோடாத் தண்ணீர் வைக்கோலில் சிதறியது. “கோழித் தொட்டி கழுவ வெச்சிருக்கிற வினிகர் கேனைக் கொண்டா. ஓடு!”

“யாரும்மா அது, வினிகர்ங்கிறது?” போன் அலறியது. “யூரியாவே இல்லேன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“மூச்சுல காரமா ஒரு நெடி வருது டாக்டர். கண்ணு எரியுது.”

“மாடு கீழயே மூத்திரம் போயிருக்கும். நெடி அடிக்காம என்ன பண்ணும்?”

உண்மைதான். தம்பியின் கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது. எங்கும் அந்த நாற்றம்தான்.

“நான் கண்ணால பாக்கல,” என்றார் டாக்டர். “மாத்திக் குடுத்து ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

“அக்கா, தப்பாப் போச்சுன்னா?”

“போச்சுன்னா என் தலையில போகட்டும். கொண்டாடா!”

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அடிமாட்டு லாரிக்குக் குறுக்கே நின்றபோதுகூட அவள் இப்படிக் கத்தியதில்லை. அவன் ஓடினான்.

வினிகரும் குளிர்ந்த தண்ணீரும். கடைவாய் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் பாட்டில், இரண்டாவது, மூன்றாவது. நடுக்கம் கூடியது. கண் மேலே செருகியது. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். ஐந்தாவது பாட்டிலில் மேனேஜரின் கழுத்து விறைத்தது.

“அக்கா, விட்டுட்டுப் போறான்க்கா!”

“ஊத்து.”

ஏழாவது பாட்டில் பாதியில் இருந்தபோது ஏப்பம் ஒன்று வந்தது. கொட்டகையே அதிர, போஸ்ட்மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி பனி படிய, நீண்ட ஏப்பம். பின்னாலேயே இன்னொன்று. மெல்ல மெல்லத் தோலின் அலை அடங்கியது.

டாக்டர் வந்து குழாய் விட்டு மிச்சக் காற்றை இறக்கினார். குழாயில் வந்த நீரை மோந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“யூரியாதான். சோடா மட்டும் போயிருந்தா இந்நேரம் குழிதான் தோண்டிட்டிருப்பீங்க. இன்னைக்குத் தண்ணி எங்க குடிச்சான்?”

கொட்டகைக்குப் பின்னால், பாதியாக அறுத்த நீல பீப்பாயில். தம்பி முன்னால் வந்தான்.

“அந்தப் பீப்பாயை நான்தான் கொண்டாந்தேன் டாக்டர். செடி விக்கிற நர்சரியில வயரிங் வேலை. போறப்ப சும்மாக் குடுத்தாங்க. அடியில வெள்ளையாக் கட்டி கட்டியா இருந்துது. உப்புன்னு நினைச்சேன். மாட்டுக்கு உப்பு நல்லதாச்சேன்னு கழுவாமலே தண்ணி ரொப்பிட்டேன். இவங்க யாருக்கும் தெரியாது. நான்தான்.”

போஸ்ட்மாஸ்டர் போய்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

“சரி, ஒத்துக்கிட்டீங்களே,” என்றார் டாக்டர். அக்காவின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. இவ்வளவு நாத்தத்துல அந்த நெடியை எப்படித் தனியாப் பிரிச்சீங்க? எங்க கத்துக்கிட்டீங்க?”

அக்கா வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

“பால் பண்ணையில,” என்றாள்.

தம்பி நிமிர்ந்தான். அவள் மூன்று வருஷம் சூப்பர்வைசராக இருந்த பண்ணை. ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கும் பதில் இல்லை, அவன் கேட்டதற்கும் இல்லை.

“ஒரே நாள்ல பதினோரு மாடு விழுந்துது. டாக்டர் வர நேரமாச்சு. தானியம்தான்னு நானே முடிவு பண்ணி, பதினொண்ணுக்கும் என் கையால சோடா ஊத்தினேன். அதுங்க மூச்சு விட்டப்ப அடிச்ச நெடி அது. ஒண்ணுகூட எழுந்திரிக்கல.”

தையல்காரி அவள் தோளைத் தொட வந்தாள். அக்கா விலகிக்கொண்டாள். அவள் கண் தம்பியின் மேலேயே இருந்தது.

“யாரும் கேக்கறதுக்கு முன்னாலயே இவன் சொல்லிட்டான். என்னை முதலாளி கூப்பிட்டு நேராவே கேட்டாரு, யாரு ஊத்தினதுன்னு.” அவள் வாளியை ஓரமாகத் தள்ளினாள். “நான் அங்க பால் கறக்கிறவர் பேரைச் சொல்லிட்டேன்டா.”