இருபதாவது விதி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இவ்வீட்டின் தூய்மை இன்று முதல் விதிமுறைகளின்படி நிர்வகிக்கப்படும். மீறுவோர் மீது தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்.

சகலரும் என்பது ஒரே ஒரு ஆள்தான். வாரத்துக்கு மூன்று நாள் வீடு துடைக்க வரும் அம்மாள். அறிவிப்புப் பலகை, ஃபிரிட்ஜ் கதவு. மொத்தம் பத்தொன்பது விதிகள், அடியில் தேதியோடு கையெழுத்து. சார் முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கை விட்டே காலம் தள்ளிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயரே 'சுற்றறிக்கை'.

விதிகளுக்குக் காரணம் இருந்தது. மனைவி போய் எட்டு மாதமாகிறது. சமையல் மேடையில் எறும்புகள் ஊர்வலம் போக ஆரம்பித்திருந்தன. மகள் வந்து பார்த்தாள், மூக்கைப் பொத்தினாள்.

"ஒரு மாசம் டைம் தர்றேன்ப்பா. அடுத்த தடவை வர்றப்பவும் வீடு இந்த லட்சணத்துல இருந்தா, பூட்டிட்டு உங்கள என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. மகள் வீட்டில் அவர் வெறும் அப்பா. இங்கேதான், ஆளே இல்லாவிட்டாலும், கண்காணிப்பாளர்.

ஆள் வைத்தார். முதலாமவள் நான்காம் நாள் நின்றுவிட்டாள். இரண்டாமவள் வாளியைப் போட்டது போட்டபடி ஓடினாள். இருவர் புகாரும் ஒன்றுதான். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ துடைச்சு வச்சிருக்காங்க."

அவருக்கும் அது தெரியும். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படுப்பார். மூன்று மணிக்குக் கண் விழித்தால் வீடெங்கும் ஃபினாயில் வாசனை. தரை ஈரம். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். மாப்புக்கட்டை பின்வாசலில் தலைகீழாக நிற்கும். சமையலறைத் துணி மூன்றாக மடிந்து குழாய்மேல் கிடக்கும். அந்த வீட்டில் துணியை மூன்றாக மடித்தவள் ஒருத்திதான். தரை காய்கிற வரைக்கும் அவர் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். "ஈரத்துல நடக்காதீங்க" என்று அவள் நாற்பது வருடம் சொன்னதை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்தார்.

மூன்றாவதாக வந்த இந்த அம்மாளுக்குப் பயம் என்ற உறுப்பையே வைக்காமல் அனுப்பியிருந்தார்கள்.

"ஏம்மா, உனக்குப் பயமா இல்லையா?" என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எதுக்கு சார் பயம்? பாதி வேலை முடிஞ்சு கிடக்கு. வீட்டுக்கு ஒரு பேய் இந்த மாதிரி இருந்தா, நான் எதுக்கு முட்டி தேயறேன்?"

"பேய்னு சொல்லாத. அது என் வீட்டுக்காரி."

அவள் குந்தி உட்கார்ந்து தரையைச் சாய்வாகப் பார்த்தாள்.

"அம்மா எத்தன வருஷம் துடைச்சாங்க?"

"நாப்பது."

"அப்ப இது அம்மா இல்ல சார்."

"எப்படிச் சொல்ற?"

"துடைக்கத் தெரிஞ்சவ முன்வாசல்ல ஆரம்பிச்சு, பின்னாடியே நடந்து பின்வாசல்ல போய் நிப்பா. ஈரத்துல அவ கால் படாது. இங்க பாருங்க கூத்த, துடைச்ச எடத்து மேலயே மிதிச்சிட்டுப் போயிருக்கு. பொறந்ததுலேர்ந்து மாப்பத் தொடாத கட்டை எதோ."

தடங்கள் கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்து, கட்டில் ஓரத்தில் முடிந்தன. அகலமான பாதம், கோணல் கட்டைவிரல். அவள் எழுந்து வந்து நின்றாள்.

"சார், காலத் தூக்குங்க."

நாற்பது வருடப் பழக்கத்தில் கால்கள் தாமாக உயர்ந்தன. உள்ளங்கால் இரண்டிலும் கருப்பு ஈரம். ஒரு விரலிடுக்கில் மாப்பு நூல்.

வெகுநேரம் அவர் காலை இறக்கவில்லை. மனைவி துடைத்து முடித்த தரையை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அவள் துடைத்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை. துடைக்கும் நேரத்தில் அவர் சாய்வு நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். குரல் வரும், காலைத் தூக்குவார், தாளை இறக்கமாட்டார். அவள் முன்னால் நடந்தாளா பின்னால் நடந்தாளா என்று யாருக்குத் தெரியும்?

"என் பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா."

"நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா செய்யறதுன்னு ஆயிருச்சு, தூக்கத்துலயாச்சும் ஒழுங்காச் செய்ங்க. பின்னாடி நடந்து துடைங்க. வழுக்கி விழுந்து என் பொழப்பக் கெடுத்துராதீங்க."

அவர் நேரே ஃபிரிட்ஜ் கதவுக்குப் போய் இருபதாவது விதியை எழுதினார். அனுமதியின்றி எவரும் பகலில் தரை துடைக்கலாகாது. யாருக்கு எழுதினோம் என்பது அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. பழக்கதோஷம், கையெழுத்தும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் போன். அவள் தோளுக்கு மேலாகக் கூடம் தெரிந்தது. தரை கண்ணாடியாக மின்னியது. ஒரு தடம் இல்லை.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ விதிச்ச நிபந்தனை முழுமையா நிறைவேற்றப்பட்டிருக்கு. எனவே நான் இங்கேயே..."

"வீடு சுத்தமாத்தான்ப்பா இருக்கு," என்று மகள் போனை நீட்டினாள். "ரெண்டேகாலுக்கே வந்துட்டேன். பாருங்க."

திரையில் ஒரு கிழவர், கண் பாதி மூடியபடி, பின்னால் பின்னால் நடந்து துடைத்துக்கொண்டு வந்தார். வலது இடது என்று மாப்பு அலுக்காமல் போய் வந்தது. காலி சாய்வு நாற்காலியின் முன்னால் நின்றார்.

"காலத் தூக்குங்க," என்றார்.

மெல்லிய, சலிப்பும் வாஞ்சையும் கலந்த குரல். அது யாருடைய குரல் என்று கட்டிலில் இருந்த இருவருக்கும் தெரியும். திரையில் அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, தாளை இறக்காமலே யாரோ காலை மட்டும் தூக்கிவிட்டதுபோல, நாற்காலிக்கு அடியில் மாப்பை விட்டுத் துடைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"மறுபடி போடு," என்றார் சார். மகள் போட்டாள். மூன்றாம் முறை பார்க்கும்போது, திரையில் குரல் வந்த நொடியில், கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த அவர் கால்கள் உயர்ந்தன. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இனிமே உங்களத் தனியா விடமுடியாதுப்பா," என்றாள்.

மறுநாள் அவர் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே எல்லா அறையிலும் தரை முழுக்கக் கம்பளம்.