நண்டு கொடுத்த இரண்டு விசில்

கைக்குழந்தையோடு மைதானத்துக்குப் போகிறவனுக்கு உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, புத்திமதி தாராளமாகக் கிடைக்கும். தொப்பி போடு, தொப்பியைக் கழற்று, பால் கொடு, இப்போது கொடுக்காதே. அன்றைக்கு முதல் பத்து நிமிடத்துக்குள் ஏழு பேரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். எட்டாவது ஆள் வாயைத் திறந்தபோது, "உங்களுக்கு எத்தனை புள்ளைங்க சார்?" என்று கேட்டேன். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றார்.

நான் பஸ் கண்டக்டர். என் மனைவி கால்பந்து நடுவர். ஆக, எங்கள் வீட்டில் விசில் இரண்டு. விடியற்காலையில் அவள் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் ஒன்றரை வயது மகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். தவழ்ந்த நாளில் பக்கவாட்டிலேயே போனதால் அவளுக்கு நண்டு என்று பெயர். அந்த அழுகைக்கு நான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். மனைவி வாசலில் நின்று தன் விசிலை ஒரு தரம் ஊதுவாள். நண்டு என் விசிலை வாங்கி இரண்டு தரம் ஊதுவாள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு என்றால் கிளம்பலாம். மகள் உத்தரவு கொடுத்துவிட்டாள், அம்மா கிளம்பலாம். அழுகை சுத்தமாக நின்றுவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைய ஆட்டம் மற்றவர்களுக்கு ஆட்டம், என் மனைவிக்குப் பரீட்சை. முதல் நிலை நடுவர் ஆவதற்கு இது மூன்றாவது முயற்சி. இதிலும் கோட்டைவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் காலமெல்லாம் பள்ளிக்கூட ஆட்டங்களுக்குத்தான் ஊத வேண்டும். முந்தைய இரண்டு தடவையும் மதிப்பெண் தாளில் ஒரே குறைதான் எழுதியிருந்தார்கள்: முடிவெடுக்கத் தயங்குகிறார். அந்தத் தாளை அவள் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்திருந்தாள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் தலை வாருவாள்.

"நீங்க வரவே வேணாம்" என்றாள் முந்தின நாள்.

"வருவேன்" என்றேன். நண்டோடு நான் வீட்டில் இருந்திருக்கலாம்தான். ஆனால் அவள் பெரிய மைதானத்தில் ஊதுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வேறு ஒரு காரணமும் கிடையாது.

"அப்ப மூணு விஷயம். என் கண்ணுல படுற மாதிரி உக்காராதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. விசில வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதற்கும் ஆட்டினேன், ஆனால் மனசார ஆட்டவில்லை. பதினோரு வருஷமாகச் சட்டைப் பையில் கிடக்கும் விசில். அது இல்லாமல் வெளியே வந்தால் பொத்தான் போட மறந்தது போல இருக்கும். பையிலேயே கிடக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

நிழல் இருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் மடியில் அட்டை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். அட்டையில் கட்டம் கட்டமாக இருந்த தாளில் என் மனைவியின் பெயரைப் பார்த்ததும் நண்டை மறுபக்கத் தொடைக்கு மாற்றிக்கொண்டேன். மார்க் போடுகிறவர் இவர்தான். எழுந்து போகலாம் என்றால் மற்ற இடமெல்லாம் வெயில்.

ஆட்டம் தொடங்க அவள் ஒரு விசில் கொடுத்தாள். நண்டு நிமிர்ந்தாள். அம்மாவின் விசில்! உடனே கை என் சட்டைப் பைக்கு நீண்டது. கையைப் பிடித்து இறக்கினேன். வீறிட்டாள். என் வைத்தியம் என்னையே திருப்பி அடிக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. நடுவர் ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை ஊதுவார் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? நான் அன்று எண்ணினேன். இடைவேளைக்குள் முப்பத்தொரு தடவை. முப்பத்தொரு தடவையும் என் மகள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏம்ப்பா, ரெஃப்ரி ஊதினா உன் புள்ள அழுவுது. எந்த டீமு அது?" என்றார் பின்வரிசையில் ஒருவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்காமல் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எழுதினார்.

மைதானத்தில் என் மனைவியோ வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தாள். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் உருண்டு புரண்டு நடித்தபோது, எழுந்திரு என்று ஒற்றை விரலால் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் எழுந்துவிட்டான்.

எண்பதாவது நிமிடம். கோல் எதுவும் விழவில்லை. நண்டின் முகம் அழுது அழுது சிவந்துவிட்டது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விசிலை எடுத்தேன். காகிதக் கைக்குட்டையைக் கிழித்துச் சுருட்டி அதன் துவாரத்தில் திணித்து அடைத்தேன். நானே ஊதிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. கையில் கொடுத்ததும் அழுகை நின்றது. பின்வரிசைக்காரர் கைதட்டினார். காகிதத்தை ஈரமாக்கி உருவித் துப்புவதற்கு ஒன்றரை வயது விரலுக்கும் வாய்க்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

பச்சை அணிக்குக் கோல் பக்கத்தில் ஃப்ரீ கிக். என் மனைவி ஒரு விசில் கொடுத்தாள். பச்சை அணியின் கேப்டன் ஓடிவந்து உதைத்தான். பந்து காற்றில் இருந்தது.

பீப், பீப்!

நண்டு உத்தரவு கொடுத்துவிட்டாள்.

சிவப்புச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் போல என்று கோல்கீப்பர் கையை இறக்கினான். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போய் விழுந்தது. பச்சை அணி துள்ளிக் குதித்தது.

என் மனைவி கையைக் குறுக்கே வீசினாள். "கோல் இல்ல! வெளியில இருந்து யாரோ விசில் அடிச்சிருக்காங்க. பந்து கீப்பருக்கு."

"யாரும்மா அடிச்சா?" கேப்டன் அவள் முன்னால் வந்து நின்றான். "ஒரு தடவ நீங்களே ஊதுனீங்க, அப்பறம் வேணாம்னு மறுபடி ஊதிட்டீங்க. இப்ப வெளியாள் தலைல கட்டுறீங்களா?"

விசில் அடித்த நேரத்தில் பெரியவர் காதில் பஞ்சோடு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனா மெதுவாக 'தயக்கம்' என்ற கட்டத்துக்குப் போனது. அங்கே ஒரு கேள்விக்குறி போட்டார்.

நான் அதற்குள் என்ன செய்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசிலைப் பிடுங்கி மகளின் டயப்பருக்குள் செருகியிருந்தேன். பேசாமல் இருந்தால் என் குட்டு வெளிப்படாது. ஆனால் அந்தக் கேள்விக்குறி இனி காலமெல்லாம் எங்கள் வீட்டுக் கண்ணாடி ஓரத்தில் இருக்கும். டயப்பருக்குள் கையை விட்டு விசிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஊதுனது இவதாங்க" என்று கத்தினேன்.

"நீங்க யாரு?" என்றான் கேப்டன்.

"ரெஃப்ரியோட வீட்டுக்காரர்."

"அப்ப நீங்க வேற என்ன சொல்லுவீங்க! இத்துனூண்டு புள்ள விசில் ஊதுமா? யார் காதுல பூ சுத்துறீங்க? எங்க, ஊதச் சொல்லுங்க பாப்போம்."

விசிலைத் துடைத்துக் கொடுத்தேன். "ஊதும்மா. தங்கம்ல, ஊதும்மா." நண்டு அதைக் கடித்தாள். பெரியவரின் காதுக்குள் நுழைத்துப் பார்த்தாள். கீழே போட்டாள். எடுத்துக் கொடுத்தேன், மறுபடி போட்டாள். அதுவரை அந்த விசிலுக்காக வீறிட்டுக் கத்தியவள், ஊர் முழுக்கக் கெஞ்சியபோது ஊத மாட்டேன் என்று தலையாட்டினாள்.

என் மனைவி நாற்பதடி தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் கொடுத்த மூன்றாவது வாக்கு என்ன ஆனது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தினமும் காலையில் கேட்கும் சத்தம் அவளுக்கா தெரியாது? வாயை மூடிக்கொண்டு அவள் ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஊதியது தன் பிள்ளைதான் என்று மார்க் போடுகிறவர் முன்னால் நிரூபித்துக்காட்ட அவளுக்கு என்ன தலையெழுத்து?

நேராக எல்லைக்கோட்டருகே வந்தாள். பெரியவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்து ஒரு தரம் ஊதினாள்.

நண்டின் முகம் மலர்ந்தது. விசிலை வாயில் வைத்தாள்.

பீப், பீப்!

பின்வரிசையிலிருந்து கிளம்பிய சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது. கேப்டன் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "பாப்பா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றான்.

"பந்து கீப்பருக்கு" என்றாள் என் மனைவி. "எந்திரிங்க, ஆடலாம்."

ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது. அவள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும் நண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். பஸ் நிறுத்தம் வரை பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தேன். மன்னிப்புக் கேட்க நாலு விதமாக வாயெடுத்தேன், நாலும் பாதியிலேயே நின்றுவிட்டன.

நிறுத்தத்தில் மடித்த மதிப்பெண் தாளை நீட்டினாள். நடுவரே நிரப்ப வேண்டிய 'குறுக்கீடு' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: விசில் ஊதியது என் மகள். கொடுத்தது என் கணவர். அதற்குக் கீழே 'தயக்கம்' என்ற கட்டத்தில் கேள்விக்குறியை அடித்துவிட்டுப் பெரியவர் எழுதியிருந்தார்: சொந்தப் பிள்ளை விஷயத்திலும் இல்லை. கடைசி வரியில் 'தேர்ச்சி' என்று இருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்காதது போலக் கையை நீட்டினாள்.

"எங்க அந்த விசில்?"

கொடுத்தேன். தூக்கி எறியப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், எறிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் அதைச் சட்டையில் அழுத்தித் துடைத்து, தோளில் தூங்கும் மகள் எழுந்துவிடாமல், மெல்ல இரண்டு தரம் ஊதினாள்.

"ம், நடங்க வீட்டுக்கு."