அசரியாவின் சேவல்

அசரியா அண்ணனின் செல்போன் சேவல் மாதிரி கூவும். தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் நடக்கும் பள்ளிக்கூட அறையில், யாராவது கண் கலங்கித் தன் குடிக்கதையைச் சொல்லும் நேரமாகப் பார்த்துத்தான் அது கூவித் தொலைக்கும். குடியை விட்டவர்கள் அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டும் முனிரத்தினத்துக்கு அந்தச் சேவல்தான் தெய்வம். குடியை விடும் சிகிச்சை முடிந்து வெளியே வந்து எண்பத்தெட்டு நாள். அவனுக்குத் துணையாக மீட்டிங் குழு அசரியாவைத்தான் கொடுத்திருந்தது. ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், ஒன்பது வருஷமாகக் குடியைத் தொடாதவர். தினமும் காலை ஆறு மணிக்கு முனிரத்தினம் அவருக்குப் போன் செய்து, "அண்ணா, இன்னிக்கு ஒரு நாளு குடிக்கமாட்டேன்" என்பான். "நானுந்தான்டா" என்பார் அவர். அதை வைத்துத்தான் அன்றைய பொழுதை ஓட்டுவான்.

அன்று வெள்ளிக்கிழமை, மே மாத வெயில். பல்லாவரம் சந்தை நெரிசலில் லாரியின் பக்கக் கண்ணாடி உடைந்தது. "குடிகாரப் பயல நம்பி வண்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று போனில் கத்தினார் முதலாளி. எண்பத்தெட்டு நாள் குடிக்காதவனை! லாரியை ஓரம் கட்டிவிட்டு ஒயின் ஷாப் எதிரே போய் நின்றான் முனிரத்தினம். கால்கள் அவனைக் கேட்காமலே போயின என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவன்தான் போனான்.

முதல் கிளாஸுக்கு முன்னால் துணைக்கு இருப்பவருக்குப் போன் செய்யவேண்டும் என்பது குழுவின் சட்டம். செய்தான்.

எதிரே, ஒயின் ஷாப் பாருக்குள்ளே சேவல் கூவியது.

போனை வைத்தான், கூவல் நின்றது. ஊரில் இந்த ஒரு சேவல்தானா இருக்கிறது என்று மறுபடி அழுத்தினான். மறுபடி கூவியது.

'அவரே உள்ள கீறாரு. எனக்கு இன்னா வந்துச்சு?' இதைவிட நல்ல சாக்கு இந்த ஜன்மத்தில் கிடைக்காது. ஒரு கால் படியில் ஏறிவிட்டது. ஆனால் குடிக்கிறவனை மீட்கத் தனியாகப் போகாதே, இரண்டு பேராகப் போ என்று சொல்லிக் கொடுத்ததும் அதே அசரியாதான். காலை இறக்கினான். வெயிலில் நின்றபடி விடாமல் போன் செய்தான். "யோவ், அந்தக் கோழிய அமுக்குய்யா!" என்று உள்ளே யாரோ கத்தினார்கள். ஏழாவது தடவை சேவல் பாதியில் நின்றது.

"எங்கடா இருக்க?"

"எதிர்லதான் கீறேன். வெளிய வாண்ணா."

அசரியா சுவரைப் பிடித்தபடி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வந்ததும் குப்பென்று வாடை.

"குடிச்சிட்டியா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"இல்லண்ணா. நீ எப்பலேந்து?"

"பொங்கல்லேந்து."

பொங்கலுக்கு முனிரத்தினம் சிகிச்சைக்கே போயிருக்கவில்லை. "அப்ப காலைல ஆறு மணிக்குச் சொன்னதெல்லாம்?"

"தெனமும் காலைல உன் போன் வர்ற வரைக்கும் தொட்டதில்லடா. அது சத்தியம்." அவர் அழுதார். "நீங்க எல்லாரும் எங்கிட்ட சொல்றீங்க. ஒம்பது வருஷத்த வச்சுக்கிட்டு நான் போய் யார்கிட்டடா சொல்லுவேன்?"

ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது முனிரத்தினத்துக்கு. கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. லாரியில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டான். "நாளைக்கு நான் போன் பண்ணமாட்டேன்ணா. நீ பண்ணு" என்று மட்டும் சொன்னான்.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலை ஆறு மணிக்கு அவன் போன் அடித்தது.

"முனி, இன்னிக்கு ஒரு நாள் குடிக்கமாட்டேன்டா." அசரியாதான்.

அவர் தினமும் சொன்ன 'நானுந்தான்டா', எண்பத்தெட்டு நாள் அவன் நம்பிப் பிழைத்த பொய்.

"நானுந்தாண்ணா" என்றான். அவன் சொன்னது நிஜம்.